ஃபோர் வீல் டிரைவ்ல கேரவன் இழுக்கறீங்களா? ஆடாம அசையாம போய்ச்சேர ஒரு முழு வழிகாட்டி

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். கேரவன், அதாவது வண்டி பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற சக்கர வீடு, ரோட்டுல ஆடுமா ஆடாதாங்கறது வாசல்ல நிறுத்தி சாமான் ஏத்தும்போதே பாதிக்கு மேல முடிவாயிடுது, ஆட ஆரம்பிச்சப்புறம் ஸ்டீயரிங்கை பிடிச்சு நாம காட்டுற வித்தைக்கெல்லாம் பெருசா பலன் கிடையாது. பெரிய வண்டி இருக்கு, டீசல் இன்ஜின், நல்ல டார்க், எதைக் கட்டினாலும் இழுக்கும்னு நினைக்கறவங்கதான் அதிகம். இழுக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 100 கி.மீ. வேகத்துல பின்னாடி வர்ற ரெண்டரை டன் நம்ம வண்டியை இழுக்க ஆரம்பிச்சா என்ன பண்றது?

இன்னொன்னு, காட்டுக்குள்ள போறதுக்கு ஃபோர் வீல் டிரைவ்ல எதெல்லாம் நல்லதோ அதுல பாதி டோ பண்ணும்போது, அதாவது பின்னாடி கட்டி இழுக்கும்போது, நமக்கு எதிரா நிக்கும். உயரமான பாடி, மெத்துமெத்துன்னு சஸ்பென்ஷன், பக்கவாட்டுல வளையுற உயரமான டயர், இதுல வண்டியை இன்னும் தூக்கற லிஃப்ட் கிட் வேற போட்டிருந்தா கேக்கவே வேணாம். அதனால எடைக் கணக்குல கொஞ்சம் பொறுமையா இருங்க, அங்கதான் எல்லாமே இருக்கு.

மொதல்ல நம்பர்

வண்டி விளம்பரத்துல "3,500 கிலோ இழுக்கும்"னு பெருசா போட்டிருப்பான். அந்த ஒரு நம்பரை மட்டும் பார்த்து கேரவன் வாங்கிடாதீங்க. பார்க்க வேண்டியது நாலு. வண்டி தன் சாமான், ஆளுங்க எல்லாத்தோடயும் அதிகபட்சம் எவ்ளோ எடை இருக்கலாம்ங்கறது ஜிவிஎம். வண்டியும் கேரவனும் சேர்ந்து எவ்ளோங்கறது ஜிசிஎம். கேரவன் முழு லோடோட தனியா எவ்ளோங்கறது ஏடிஎம் (பணம் எடுக்குற ஏடிஎம் இல்ல). நாலாவது, டோ பால், அதாவது கேரவனை மாட்ட வண்டி பின்னாடி இருக்கற இரும்புக் குண்டு, அது மேல எவ்ளோ பாரம் உக்காரலாம்ங்கறது. பேரு நாட்டுக்கு நாடு மாறும், கணக்கு எல்லா இடத்துலயும் ஒன்னுதான்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வெறும் வண்டி 2,200 கிலோ, ஜிவிஎம் 3,000, ஜிசிஎம் 5,800, இழுக்கற லிமிட் 3,500ன்னு வச்சுக்கோங்க. முழுசா 3,500 கிலோ கேரவனை மாட்டினா ஜிசிஎம்ல மிச்சம் 2,300. வெறும் வண்டியே 2,200 ஆச்சே, அப்ப மிச்சம் 100 கிலோ, டிரைவர் ஒருத்தர் கூட ஒரு பை, அவ்ளோதான், குடும்பம் பஸ்ல வரணும்! அதே வண்டியில ஆளுங்க, புல் பார், ஃப்ரிட்ஜ், டூல்ஸ் எல்லாம் ஏத்தி 2,650 ஆச்சுன்னா கேரவன் 3,150க்கு மேல போகக்கூடாது, அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது 315 கிலோ, டோ பால் மேல உக்காரும், அதையும் வண்டி எடையோட கூட்டினா 2,965. ஜிவிஎம்முக்கு 35 கிலோ கீழ. இந்த மாதிரி உங்க வண்டி நம்பரை வச்சு ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க, நிறைய பேருக்கு இங்கயே வேர்த்துடும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில பாரம் ஏத்தறவங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. முன்பாரம் ஜாஸ்தியானா மாட்டுக் கழுத்து அமுங்கும், பின்பாரம் ஜாஸ்தியானா நுகத்தடி மேல தூக்கும். கேரவனுக்கும் அதேதான். டோ பால் மேல அழுத்துற எடையை நான் முன்பாரம்னே சொல்றேன். அது பொதுவா கேரவனோட முழு எடையில 10 சதவீதம் பக்கத்துல இருக்கணும், 2,500 கிலோ கேரவன்னா 250 கிலோ. ஐரோப்பிய கேரவனுங்க லேசான டிசைன், அங்க 5லேர்ந்து 7 சதவீதம்னு ஓட்றாங்க, உங்க கேரவன் கம்பெனி என்ன சொல்லியிருக்கோ அதுதான் உங்களுக்கு. ஆனா கம்மி ஆக ஆக கேரவன் வால் ஆட்ட ஆரம்பிக்கும்ங்கறது எங்கயும் மாறாது.

முன்பாரம் சரியா இருந்தா மட்டும் போதாது, இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பின்னாடி பம்பர்ல ரெண்டு ஸ்டெப்னி, டூல் பாக்ஸ் மாட்டிட்டு, அதை ஈடுகட்ட முன்னாடி பாக்ஸ்ல ஜெனரேட்டர், பேட்டரின்னு அடைச்சா தராசு நேரா நிக்கும், 10 சதவீதம் கரெக்டா காட்டும். ஆனா ரெண்டு முனையிலயும் கனம் இருக்கற எதுவும் ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா நிக்காது. ஒரு கம்போட ரெண்டு முனையிலயும் செங்கல் கட்டி நடுவுல பிடிச்சு இப்படி அப்படி திருப்பிப் பாருங்க, அப்புறம் ரெண்டு செங்கலையும் கை பக்கத்துல நகர்த்திட்டு திருப்பிப் பாருங்க, வித்தியாசம் கையிலயே தெரியும். அதனால கனமான சாமான் எல்லாம் ஆக்சிலுக்கு நேரா, தரை மட்டத்துல. டின் உணவு, டூல்ஸ், ஸ்பேர் பேட்டரி எல்லாம் அங்க. மேல் அலமாரியில துணி, தலையணை, பிளாஸ்டிக் தட்டு. பின் முனையில காத்துதான் இருக்கணும்.

தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதை மறந்துதான் நான் ஒரு தடவை மாட்டினேன். என் கேரவன்ல நல்ல தண்ணி டேங்க் ஆக்சிலுக்கு முன்னாடி, அழுக்குத் தண்ணி டேங்க் பின்னாடி, ரெண்டும் 90 லிட்டர். போகும்போது கேரவன் கல்லு மாதிரி வந்துச்சு. மூணு நாள் தங்கினோம், திரும்பும்போது ஒரு லாரி பக்கத்துல ஓவர்டேக் பண்ணிச்சு பாருங்க, பின்னாடி ஒரு தள்ளு, அப்புறம் இன்னொரு தள்ளு, கண்ணாடியில கேரவன் இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை தெரியுது. எப்படியோ நின்னுச்சு. ஒரு சாமானும் நகர்த்தலயே, என்ன ஆச்சுன்னு உக்காந்து கணக்குப் போட்டா, முன் டேங்க் காலி, பின் டேங்க் ஃபுல். ஆக்சில்லேர்ந்து டோ பால் 5 மீட்டர், டேங்க் ஒவ்வொன்னும் ஆக்சில்லேர்ந்து ஒன்றரை மீட்டர். முன் டேங்க் காலியானதுல 27 கிலோ முன்பாரம் போச்சு, பின் டேங்க் ரொம்பினதுல இன்னொரு 27, மொத்தம் 54 கிலோ. அதோட பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டும் சைக்கிளும் 45 கிலோ, அது ஆக்சில்லேர்ந்து மூன்றரை மீட்டர் தள்ளி, அது தின்னது கிட்டத்தட்ட 31. 2,200 கிலோ கேரவனுக்கு இது சின்ன நம்பர் இல்ல. அப்போலேர்ந்து அழுக்குத் தண்ணியை கொட்ட வேண்டிய இடத்துல கொட்டாம கிளம்பறதே இல்ல, நல்ல தண்ணி டேங்கும் ஒன்னு ஃபுல், இல்லன்னா காலி, பாதியில இருந்தா தண்ணி அலம்பும்.

எடை போடறது

குத்துமதிப்பு வேலைக்கு ஆகாது. லாரி எடை போடற எடை மேடைக்கு, பயணத்துக்கு ரெடியான நிலையில, ஆளுங்களோட, டேங்க் ஃபுல்லா போங்க. மொத்தமா ஏத்தி ஒரு எடை, அது ஜிசிஎம்மோட ஒப்பிட. கேரவன் மாட்டினபடியே வண்டி வீல் மட்டும் மேடையில இருக்கற மாதிரி ஒரு எடை, அது ஜிவிஎம்மோட ஒப்பிட. அப்புறம் கேரவன் வீல் மட்டும் மேடையில, மாட்டினபடியே. கடைசியா கழட்டி கேரவனை மட்டும் ஜாக்கி வீலோட (கேரவன் மூக்கைத் தாங்கற சின்ன சக்கரம்) சேர்த்து ஒரு எடை, அது ஏடிஎம்முக்கு. கடைசி எடையில அதுக்கு முந்தினதைக் கழிச்சா வர்றதுதான் முன்பாரம். முடிஞ்சா வண்டியோட பின் ஆக்சிலை தனியா ஒரு தடவை போடுங்க, அதுக்கும் ஒரு லிமிட் இருக்கு, மத்த எல்லாம் சரியா இருந்து அது மட்டும் தாண்டியிருக்கறது சர்வசாதாரணம்.

முன்பாரம் மட்டும் வீட்லயே பார்க்கலாம். டோ பால் எடை பார்க்கற சின்ன ஸ்கேல் கிடைக்குது. அது இல்லன்னா ஆளு எடை பார்க்கற மெஷின் போதும், ஆனா அது 150 கிலோவுக்கு மேல தாங்காதே. அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒரு பலமான மரக்கட்டை எடுத்து ஒரு முனையை செங்கல் மேல, மறு முனையை மெஷின் மேல வைங்க. கப்ளிங் (டோ பாலைக் கவ்விப் பிடிக்கற கேரவனோட முன் முனை) உக்கார்ற இடம் செங்கல்லேர்ந்து ஒரு பங்கு தூரம், மெஷின்லேர்ந்து ரெண்டு பங்கு தூரம். மெஷின்ல காட்டுறதுல, மரக்கட்டை மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டினதைக் கழிச்சுட்டு மூணால பெருக்கினா முன்பாரம். கேரவன் மட்டமா நிக்கணும், வீலுக்கு கட்டை போட்டிருக்கணும், கால் விரல் அடியில போகாம பார்த்துக்கோங்க.

வண்டி பின்னாடி உக்காந்துட்டா

டோ பால் பின் ஆக்சிலுக்கு மேல இல்ல, அதுக்கும் பின்னாடி ஒரு மீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. அதனால 250 கிலோ வச்சா பின் ஆக்சில்ல ஏறுறது 250 இல்ல. வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல தூரம், 2.8 மீட்டர், பால் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னாடின்னா பின் ஆக்சில்ல ஏறுறது சுமார் 357 கிலோ, முன் ஆக்சில்லேர்ந்து சுமார் 107 கிலோ காணாம போயிடும். ஸ்டீயரிங் பண்றது முன் வீல், பிரேக்ல பெரிய பங்கு முன் வீல், ரெண்டுமே லேசாயிடுச்சு. ராத்திரி எதிர்ல வர்றவன் லைட் அடிச்சுத் திட்டறதும் இதனாலதான், உங்க ஹெட்லைட் அவன் கண்ணுக்கு நேரா போகுது.

மாட்டறதுக்கு முன்னாடி நாலு வீல் ஆர்ச் (வீலுக்கு மேல பாடியில இருக்கற வளைவு) உயரத்தையும் டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க, மாட்டினப்புறம் திரும்ப அளங்க. பின்னாடி எவ்ளோ இறங்குச்சுங்கறதை விட முன்னாடி எவ்ளோ ஏறுச்சுங்கறதுதான் முக்கியம். அதிகமா ஏறியிருந்தா வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது ரெண்டு ஸ்பிரிங் பாரை சங்கிலியால இழுத்துக் கட்டி எடையில கொஞ்சத்தை முன் ஆக்சிலுக்கும் கேரவன் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்பற சாதனம், அது உதவும். சில வண்டி கம்பெனிங்க அது கூடாதுன்னே சொல்றாங்க, மேனுவலைப் பார்த்துட்டு வாங்குங்க. முன்பக்கம் ஏறுனதுல எவ்ளோ திரும்ப இறங்கணும்ங்கறதும் அதுலயே இருக்கும். பின் சஸ்பென்ஷன்ல ஏர் பேக் (காத்து அடிக்கற பை மாதிரி ஸ்பிரிங்) போட்டா சரியாயிடும்னு சொல்றவங்க நிறைய, வண்டி பின்னாடி தூக்கும், பார்க்க மட்டமா இருக்கும், ஆனா முன் ஆக்சில்லேர்ந்து போன 107 கிலோவை ஏர் பேக் திருப்பித் தராது. என்னைக் கேட்டா அது கண்ணுக்கு மட்டும் மருந்து.

கேரவனும் மட்டமா நிக்கணும், இல்லன்னா மூக்கு ஒரு பொட்டு கீழ. மூக்கு தூக்கிட்டு நின்னா டோ பால் உயரத்தை மாத்துங்க.

டயர்

வண்டி பின் டயருக்கு லோடுக்கு ஏத்த பிரஷர் டோர் ஸ்டிக்கர்ல இருக்கும், கேரவன் டயருக்கு கேரவன் பிளேட்ல இருக்கும், டயர் குளிர்ந்திருக்கும்போது அடிங்க. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு திரும்பப் பாருங்க, 4 பிஎஸ்ஐ வரைக்கும் ஏறியிருந்தா சரி, கனமான லைட் டிரக் டயர்னா 6 வரைக்கும் போகலாம், அதைவிட ஜாஸ்தி ஏறுச்சுன்னா ஆரம்பத்துல காத்து கம்மின்னு அர்த்தம், டயர் வளைஞ்சு வளைஞ்சு சூடாகுது. கேரவன் டயர் தேயறதுக்கு முன்னாடி வயசாகி வெயில்ல காய்ஞ்சு வெடிக்கும், அதனால பட்டனை மட்டும் பார்க்காம பக்கச் சுவர்ல நாலு இலக்க நம்பரைப் பாருங்க, 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. வீல் கழட்டி மாட்டியிருந்தா 50லேர்ந்து 100 கி.மீ.க்குள்ள நட்டு ஒரு தடவை டைட் பண்ணுங்க.

மாட்டறது

அவசரப்படாம, நடுவுல யாராவது பேச்சுக் குடுத்தா முதல்லேர்ந்து ஆரம்பிங்க. கப்ளிங் சைஸும் பால் சைஸும் ஒன்னான்னு பாருங்க, 50 மில்லிமீட்டரும் 2 இன்ச்சும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்னில்ல. கப்ளிங்கை இறக்கி லாக் போட்டுட்டு, ஜாக்கி வீலை கொஞ்சம் கீழ சுத்துங்க, வண்டியோட பின்பக்கமும் சேர்ந்து மேல வரணும். வந்தா பிடிச்சிருக்கு. கப்ளிங் மட்டும் தனியா மேல வந்துச்சுன்னா நல்ல வேளை இங்கயே தெரிஞ்சுதுன்னு திரும்ப மாட்டுங்க. இந்த ஒரு சோதனையை நான் ஒரு நாளும் விட்டதில்ல.

பாதுகாப்பு சங்கிலி ரெண்டையும் கப்ளிங்குக்கு அடியில குறுக்கா போடுங்க, கழண்டா மூக்கு தரையில குத்தாம தொட்டில் மாதிரி தாங்கும். சங்கிலி தரையில உரசக்கூடாது, திருப்பத்துல இழுபடவும் கூடாது. சங்கிலியை மாட்டற ஷேக்கிள் கொக்கி எடை ரேட்டிங் போட்டதா இருக்கட்டும். பிரேக்அவே ஒயரை சங்கிலியில மாட்டாதீங்க, தனியா வண்டி பாடியில மாட்டுங்க, கேரவன் கழண்டு போனா அதுதான் பின்னை இழுத்து கேரவன் பிரேக்கைத் தானா போடும். பிளக், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஜாக்கி வீல் கழட்டியாச்சா, ஹேண்ட் பிரேக் எடுத்தாச்சா, கேஸ் மூடியாச்சா, கூரை ஜன்னல், படி, வீல் கட்டை. ஒரு சுத்து சுத்தி கையால தொட்டுப் பாருங்க. சைடு மிரர் கேரவன் அகலத்துக்கு வெளிய நீட்டணும், பின்னாடி வர்றவன் தெரியலன்னா கண்ணைக் கட்டிட்டு ஓட்ற மாதிரிதான்.

பிரேக் கன்ட்ரோலர்

கேரவன்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்தா, அதை வண்டிக்குள்ள இருந்து இயக்கற பெட்டிதான் கன்ட்ரோலர். காலி ரோட்டுல, மட்டமான இடத்துல 30லேர்ந்து 40 கி.மீ. வேகத்துல போய் கால் பிரேக்கைத் தொடாம கன்ட்ரோலர்ல கையால கேரவன் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்க. பின்னாடிலேர்ந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி தெரியணும், வீல் லாக் ஆகி டயர் உரசக்கூடாது. கம்மியா இருந்தா ஏத்துங்க, உரசினா இறக்குங்க. மண் ரோடு, மழை, காலி கேரவன்னா செட்டிங் இறங்கணும். அந்த கை பட்டன் எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுத் தொடற அளவுக்குப் பழகுங்க, ஏன்னு கீழ வருது.

ஓட்டறது, ஆடினா என்ன பண்றது

எல்லாத்துக்கும் நேரம் ஜாஸ்தி குடுங்க. பிரேக் தூரம் நீளும், ஓவர்டேக் நீளும், திருப்பத்துல கேரவன் வீல் உள்பக்கமா வெட்டும், அதனால கொஞ்சம் தாண்டிப் போய் திரும்பணும். காஞ்ச தார் ரோட்டுல பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவை (தேவைப்படும்போது மட்டும் நாம போடறது) போடாதீங்க, முன் பின் ஷாஃப்ட் ரெண்டும் முறுக்கிக்கும், நிலையா ஓடும்னு நினைச்சுப் போடறது தப்பு. மழையில, சேறு, ஜல்லியில போடுங்க.

வேகத்தைப் பத்தி ஒன்னு புரிஞ்சுக்கணும். ஒவ்வொரு வண்டி, கேரவன் ஜோடிக்கும் ஒரு எல்லை வேகம் இருக்கு. அதுக்குக் கீழ போனா காத்தோ லாரியோ ஒரு தள்ளு தள்ளினா கேரவன் ரெண்டு தடவை ஆடி அடங்கும். அதுக்கு மேல போனா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதை விடப் பெருசாகும். லோடு தப்பா இருந்தா, டயர்ல காத்து கம்மியா இருந்தா இந்த எல்லை கீழ இறங்கி வந்துடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பின்னாடி கேரவன் வழக்கத்தை விட ஒரு தடவை அதிகமா ஆடி அடங்குதுன்னா எல்லை பக்கத்துல வந்துட்டீங்கன்னு எடுத்துக்கிட்டு 10 கி.மீ. குறைங்க.

ஆட ஆரம்பிச்சா: ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுங்க. ஸ்டீயரிங்கை நேரா கெட்டியா பிடிங்க, ஆட்டத்தை எதிர்த்து வெட்டாதீங்க, நம்ம கை எப்பவும் அரை வினாடி லேட்டு, எதிர்க்கறோம்னு நினைச்சு அதுக்கே தள்ளு குடுத்துடுவோம். கால் பிரேக்கை அழுத்தாதீங்க, வண்டி முன்னாடி நின்னு கேரவன் பின்னாடிலேர்ந்து முட்டும், மடங்கிடும். கையால கேரவன் பிரேக்கை மட்டும் போடுங்க, அது வண்டியைப் பின்னாடி இழுத்து நேராக்கும். அந்தப் பட்டன் இல்லாத ஓவர்ரன் பிரேக் (வண்டி வேகம் குறையும்போது கேரவன் முன்னாடி தள்ளுறதால தானா பிடிக்கறது) கேரவன்னா காலை எடுத்துட்டு வேகம் தானா இறங்க விடறதைத் தவிர வழி இல்ல. ஆக்சிலரேட்டரை மிதிச்சா நேராயிடும்னு ஒரு பேச்சு உலாவுது. ஒரு நொடி இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும், ஆனா எல்லை வேகத்தைத் தாண்டினதாலதான் ஆடவே ஆரம்பிச்சுது, மேல வேகம் ஏத்தி எங்க போறது? அடங்கினதும் ஓரமா நிறுத்தி லோடையும் டயரையும் பாருங்க, காரணம் தெரியாம திரும்ப அதே வேகத்துக்குப் போகாதீங்க.

பெரிய லாரி பக்கத்துல வரும்போது முதல்ல வெளிய தள்ளும், தாண்டும்போது உள்ள இழுக்கும். அவன் மூக்கு உங்க கேரவன் பின்பக்கம் வரும்போதே லேன்ல கொஞ்சம் வெளிப்பக்கமா ஒதுங்கி, காலை லேசா எடுத்து, அவனைச் சீக்கிரம் போக விடுங்க.

இறக்கத்துல, இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதேன்னு வச்சுக்கலாம். பிரேக்கை விடாம தடவிட்டே போனா சூடாகி மலை பாதியிலயே பிரேக் பிடிக்காம போயிடும், அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு விட்டுடுங்க, திரும்ப ஏறினா திரும்ப அழுத்துங்க. ஏத்தத்துல ஆட்டோமேட்டிக் கியர் டாப் கியருக்கும் அதுக்குக் கீழயும் தாவிட்டே இருந்தா கியர் ஆயில் கொதிக்கும், டோ மோடு போடுங்க, இல்லன்னா கையால கீழ் கியர்ல நிறுத்துங்க. எங்க நிறுத்தினாலும் கேரவன் வீல் ஹப் பக்கத்துல கையைக் கொண்டு போங்க, ஒன்னு மட்டும் மத்ததை விட சுடுச்சுன்னா பேரிங்கோ பிரேக்கோ பிரச்சனை.

ரிவர்ஸ் எடுக்க ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க, கேரவனோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. கோணிடுச்சுன்னா முன்னாடி எடுத்து நேராக்குங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

மண்ணுல மாட்டினா

மணல்ல போனா வண்டி டயர்ல மட்டும் காத்தை இறக்கிட்டு கேரவன் டயரை அப்படியே விட்டுடறாங்க, அது நங்கூரம் மாதிரி மண்ணைக் கிழிச்சுட்டு வரும், ரெண்டுலயும் இறக்குங்க, வேகத்தையும் சேர்த்து இறக்குங்க. பள்ளம் மேடா இருக்கற இடத்துக்கு முன்னாடி அந்த ஸ்பிரிங் பாரைக் கழட்டிடுங்க. சாதா பால் கப்ளிங் ஒரு அளவுக்கு மேல முறுக்காது, காட்டுப் பாதை அடிக்கடி போறவங்க எல்லாப் பக்கமும் திரும்பற ஆஃப் ரோடு கப்ளிங் போடறதுதான் சரி. மாட்டிக்கிட்டா டோ பால்ல கயிறு கட்டி இழுக்கவே கூடாது. அது கேரவனை மெதுவா இழுக்கறதுக்குச் செஞ்சது, ஜெர்க் குடுத்து இழுத்தா ஒடிஞ்சு குண்டு மாதிரி பறக்கும், அதுல ஆளுங்க செத்திருக்காங்க. மாட்டின வண்டியை இழுக்கறதுக்குன்னே வண்டியில இருக்கற, ரேட்டிங் போட்ட ரிக்கவரி பாயிண்ட் மட்டும்தான், சுத்தி யாரும் நிக்கக்கூடாது.

போய்ச்சேர்ந்து கழட்டும்போது மொதல்ல கேரவன் ஹேண்ட் பிரேக், அடுத்து வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை, அப்புறம் ஜாக்கி வீல், பிளக், பிரேக்அவே ஒயர், கப்ளிங். கப்ளிங் பால்லேர்ந்து மேல வந்து, கேரவன் ஒரு இன்ச் கூட நகரலன்னு பார்த்தப்புறம்தான் சங்கிலியைக் கழட்டணும், ஏன்னா கட்டை வழுக்குச்சுன்னா அந்த நேரத்துல கேரவனைப் பிடிச்சிருக்கறது அது ஒன்னுதான்.